341 சாட்சிகள்

2018 ஜூலை 22, ஞாயிற்றுக்கிழமை. திருப்பூரில் ஒரு பள்ளி ஆசிரியை தன் இரண்டாவது குழந்தையை வீட்டிலேயே பெற்றெடுத்தார். மருத்துவரும் இல்லை, செவிலியரும் இல்லை. ஏற்கெனவே வீட்டில் குழந்தை பெற்ற நண்பர் குடும்பத்தின் அனுபவமும், யூடியூபில் பார்த்த காணொளிகளும்தான் துணை. பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. தாய்க்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. மயங்கிய பிறகு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பயனில்லாமல் போயிற்று.

மாநகராட்சியின் நகர்நல அலுவலர் புகார் கொடுத்தார். கணவர் கைதானார். பிரசவம் நடந்து 11 நாள் கழித்து, ஆகஸ்ட் 2-ஆம் தேதி, மருந்தில்லா மருத்துவம் பேசிவந்த ஹீலர் பாஸ்கரைக் கோயம்புத்தூர் காவல்துறை கைது செய்தது. வீட்டிலேயே சுகப்பிரசவம் செய்துகொள்வது எப்படி என்று இலவசப் பயிற்சி நடத்தப்போவதாக அவருடைய 'நிஷ்டை' அமைப்பு விளம்பரம் செய்திருந்தது. திருப்பூர் மரணமும் அந்த விளம்பரமும் வேறு வேறு வழக்குகள். ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒரே காற்றில் வளர்ந்தவை. மருந்தே விஷம், மருத்துவமனை வியாபாரம், உடல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்ற பேச்சு அதற்கு முன்பே பல ஆண்டுகளாகக் கொங்கு மண்டலத்தில் புழங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் ஊரெங்கும் ஒரே கேள்விதான். "படிச்சவங்களே இப்படிப் பண்ணலாமுங்களா?" இந்தக் கேள்வியில் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்ற நினைப்பு அது. ஒருவரை மருந்தை விடச் சொல்லும் இத்தகைய குழுக்களின் கைக்குள் கொண்டுபோய் விடுவது படிப்பில்லாமை அல்ல. அவர் அப்போது எந்த நிலையில் இருக்கிறார், யார் பேச்சை நம்பும்படி வாழ்க்கை அவரை வைத்திருக்கிறது என்பதுதான்.

இதைப் புரிந்துகொள்ளக் காதர்பேட்டையைப் பார்க்கலாம். ரயில் நிலையத்தை ஒட்டிய சந்துகளில் உள்நாட்டுப் பனியன் வியாபாரம் நடக்கும் இடம். ஏற்றுமதியில் தேங்கிய சரக்கும் செகண்ட்ஸும் டஜன் கணக்கிலும் கிலோ கணக்கிலும் கைமாறும். வெளிமாநில வியாபாரி ரயிலைவிட்டு இறங்கிய கையோடு அங்கே நடந்து வருவார். அங்கே விளம்பரத்தைப் பார்த்து யாரும் சரக்கு எடுப்பதில்லை. "நம்மாளு எடுத்திருக்காருங்க, நல்லாப் போகுது" என்று தெரிந்தவர் ஒருவர் சொல்ல வேண்டும். பல லட்ச ரூபாய்ச் சரக்கு அந்த ஒரு வார்த்தையில் வண்டி ஏறும். ஊரையே வளர்த்த வழக்கம் அது. சிகிச்சையும் அதே வழியில்தான் வருகிறது. "எங்க அக்காவுக்குச் சக்கரை இறங்கிருச்சுங்க. ஊசி இல்ல, மாத்திரை இல்ல. ஒரு நாள் போய் உட்கார்ந்து பேச்சைக் கேட்டுட்டு வந்தா அவ்வளவுதான்." சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. பணம் வாங்கவும் இல்லை. அன்பினால் சொல்கிறார். அதனால்தான் அது இவ்வளவு ஆழமாக இறங்குகிறது.

கேட்கிறவர் யார்? ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு வருகிற பவர்டேபிள் டைலர். நாளெல்லாம் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போனவர். பஞ்சுத் தூசியில் இருமுகிறவர். நாள் முழுக்க நின்றுகொண்டே செக்கிங் பார்க்கிற பெண். பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவருக்கு ஒரு நாள் மருத்துவமனை வரிசை என்பது ஒரு நாள் கூலி. சனிக்கிழமை சம்பளம் கைக்கு வரும், ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு. அன்றைக்குப் பல இடங்களில் புறநோயாளிப் பிரிவு மூடியிருக்கும். மண்டபத்தில் நடக்கும் ஹீலர் முகாம் திறந்திருக்கும். தேனியிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து லைன் வீட்டில் தங்கியிருப்பவருக்கு, "வேண்டாங்கண்ணு, டாக்டர்கிட்டப் போ" என்று கையைப் பிடித்து இழுக்கும் சித்தியோ மாமாவோ பக்கத்தில் இல்லை. இதோடு கல்யாணமாகி ஐந்து வருஷமாகியும் குழந்தை இல்லை என்ற ஏக்கமோ, புற்றுநோய் என்று எழுதிக் கொடுத்த ஒரு துண்டுத்தாளோ சேர்ந்துகொண்டால், எவ்வளவு கெட்டிக்காரரும் அந்த நேரத்தில் எளிதில் சாய்ந்துவிடுவார். எளிதில் சாயக்கூடிய மனிதர் என்று தனி இனம் கிடையாது. சாயக்கூடிய காலம் ஒன்று எல்லோருக்கும் வருகிறது.

சரி, அன்றைக்கு அந்த வீட்டில் உடலுக்குள் நடந்தது என்னவாக இருந்திருக்கும்? இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். வீட்டுப் பிரசவத்தைப் பரப்புகிறவர்கள் பேசுவது குழந்தை வெளியே வருவதைப் பற்றியே. ஆபத்து பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வருகிறது.

கருவுற்ற பெண்ணின் உடலில் ரத்தத்தின் அளவு வழக்கத்தைவிட 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. மாதம் நிறைந்த கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 முதல் 700 மில்லி லிட்டர் ரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி கருப்பையின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் இடத்தில் சுமார் நூறு சுருள் தமனிகள் திறந்திருக்கின்றன. நஞ்சுக்கொடிக்குத் தடையில்லாமல் ரத்தம் போக வேண்டும் என்பதற்காகக் கர்ப்ப காலத்தில் இந்தத் தமனிகளின் சுவரிலுள்ள தசை கரைந்துபோய்விடுகிறது. விரலில் வெட்டுப்பட்டால் ரத்தக்குழாய் தானே சுருங்கி ரத்தத்தை மட்டுப்படுத்தும். இந்தத் தமனிகளுக்கு அந்தத் திறன் இல்லை. அவற்றை மூட உடலிடம் இருப்பது ஒரே வழிதான். நஞ்சுக்கொடி பிரிந்து வந்ததும் கருப்பையின் தசைநார்கள் இறுகச் சுருங்கி, தங்களுக்கிடையே ஓடும் தமனிகளை நெரித்து அடைக்க வேண்டும். பெரும்பாலான பிரசவங்களில் அது அப்படியே நடக்கிறது. மூளையிலிருந்து சுரக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் அந்தச் சுருக்கத்தைத் தூண்டுகிறது.

சிலருக்கு அது நடப்பதில்லை. கருப்பை களைத்துத் துவண்டுவிடும். அல்லது நஞ்சுக்கொடியின் ஒரு துண்டு உள்ளே தங்கிவிடும். அது இருக்கும்வரை கருப்பை முழுமையாகச் சுருங்காது. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் பெரும்பங்கு இந்தத் துவண்ட கருப்பையால் வருவதுதான். உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சம் பெண்களுக்கு இந்த ரத்தப்போக்கு ஏற்படுகிறது, சுமார் 70,000 பேர் இறக்கிறார்கள் என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருந்தது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது. முதல் பிரசவம் சுலபமாக ஆனவருக்கும் வரும். யோகா செய்தவருக்கும், இயற்கை உணவு மட்டுமே உண்டவருக்கும் வரும். சிகிச்சை கிடைக்காவிட்டால் ஆரோக்கியமான ஒரு பெண் இரண்டு மணி நேரத்துக்குள் இறந்துபோகலாம்.

இதில் இன்னும் கொடுமையான ஒன்று இருக்கிறது. இளம் பெண்ணின் உடல் ரத்த இழப்பை வெகுநேரம் மறைத்து வைக்கும். இதயம் வேகமாகத் துடிக்கும், கை கால்களின் ரத்தக்குழாய்கள் சுருங்கும், மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போய்க்கொண்டிருக்கும். ரத்த அழுத்தம் ஓரளவு நிற்கும். அவர் பேசிக்கொண்டிருப்பார், குழந்தையைக் கேட்பார். மொத்த ரத்தத்தில் கால் பங்குக்கு மேல் போன பிறகு எல்லாம் ஒருசேரச் சரியும். சுற்றி நிற்பவர்கள் "இப்பத்தான் நல்லாப் பேசிட்டிருந்தா" என்று அழுவது அதனால்தான். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது என்று ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு காட்டியது. ரத்தசோகை உள்ளவருக்கு இந்த அவகாசம் இன்னும் குறைவு.

மருத்துவமனையில் என்ன செய்கிறார்கள்? குழந்தை பிறந்த உடனே 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி. விலை மிகக் குறைவு. குளிர்பெட்டியில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு கருப்பையை அழுத்தித் தேய்ப்பது, நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா என்று பார்ப்பது, ரத்தம் ஏற்றுவது. டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தை 21 நாடுகளில் 20,000 பெண்களிடம் சோதித்த முடிவுகள் 2017-இல் வெளிவந்தன. அந்தத் தரவுகளையும் உள்ளடக்கிய அடுத்த ஆய்வு, ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் மருந்தின் பலன் சுமார் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகிறது, மூன்று மணி நேரத்துக்குப் பிறகு பலனே இல்லை என்று காட்டியது. ஒரு கால் மணி நேரத்துக்கு இவ்வளவு விலை இருக்கிறது. இத்தகைய குழுக்கள் ஒருவரிடமிருந்து பறித்துக்கொள்வது இந்தக் கால் மணி நேரங்களைத்தான்.

எப்படிப் பறிக்கிறார்கள்? வலுக்கட்டாயம் எதுவும் தேவையில்லை. ஒரு சொல் போதும்: 'கழிவு'. காய்ச்சல் வந்தால் கழிவு வெளியேறுகிறது. வாந்தியும் தோல் தடிப்பும் கழிவு. மாத்திரையை நிறுத்தியதும் சர்க்கரை ஏறி உடல் இளைத்தால், அதுவும் உடல் தன்னைச் சுத்தம் செய்துகொள்கிற வேலை. ரத்தம் போனால் கெட்ட ரத்தம் போகட்டும். நோய் குறைந்தால் சிகிச்சை பலித்தது. நோய் கூடினால் சிகிச்சை மும்முரமாக வேலை செய்கிறது. இப்படி ஒரு விளக்கத்தை ஏற்றுக்கொண்டவருக்கு எந்த அறிகுறியும் அபாயமாகத் தெரியாது. முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால் உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும், ரத்தத்தில் அமிலம் சேரும், மூச்சு வாங்கும், சில நாள்களில் நினைவு தப்பும். கழிவு என்று நம்பியிருக்கும் பெற்றோர் அந்த நாள்களைக் காத்திருந்தே கழித்துவிடுவார்கள்.

"எங்க பாட்டி பத்துப் பிள்ளையை வீட்டிலதான் பெத்தா" என்பது எல்லாரும் சொல்கிற பதில். இதற்கு நேரான விடை அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்திலிருந்து கிடைக்கிறது. அங்கே ஹோபர்ட் ஃப்ரீமேன் என்ற மதபோதகர் 'ஃபெய்த் அசெம்ப்ளி' என்ற சபையை நடத்தினார். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு என்பது அவர் போதனை. சபையின் பெண்கள் கர்ப்ப காலப் பரிசோதனைக்கும் போகவில்லை, மருத்துவமனையிலும் பெறவில்லை. இவர்கள் ஏழைகள் அல்ல, படிக்காதவர்களும் அல்ல. நல்ல உணவு உண்ட, சுத்தமான வீடுகளில் வாழ்ந்த அமெரிக்கர்கள். 1975 முதல் 1982 வரை இந்தச் சபையில் பிறந்த குழந்தைகளின் பதிவுகளை ஆண்ட்ரூ கவுனிட்ஸ் என்ற மருத்துவரும் உடனிருந்தவர்களும் எடுத்து ஆராய்ந்து 1984-இல் வெளியிட்டார்கள். 344 பிறப்புகள். 3 தாய்மார்கள் இறந்திருந்தார்கள். ஒரு லட்சம் பிறப்புக்கு 872 தாய்கள் என்ற விகிதம் அது. அதே காலத்தில் அதே மாநிலத்தில் மற்றவர்களிடையே அந்த விகிதம் 9. பிறப்பை ஒட்டிய குழந்தை இறப்பும் ஆயிரத்துக்கு 18 என்பதற்குப் பதிலாக 48. ஃப்ரீமேனும் மருத்துவ சிகிச்சை எடுத்துக்கொள்ளாமலே 1984 டிசம்பரில் இறந்தார்.

ஊட்டமும் சுத்தமும் வசதியும் எல்லாம் அப்படியே இருக்க, மருத்துவத்தை மட்டும் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைப்பது அரிது. ஆனால் அந்த 344 என்ற எண்ணை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். 341 பிரசவங்களில் தாய் பிழைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால், குழந்தையை இழக்காத அத்தனை பேரும் "ஒரு குறையும் இல்லாமல் நடந்தது" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதில் ஒரு சொல் பொய் இருந்திருக்காது. 3 பேர் சாட்சி சொல்ல வர மாட்டார்கள். பத்துப் பிள்ளை பெற்ற பாட்டியும் அந்த 341-இல் ஒருத்திதான். பேரன் பேத்திகளுக்குக் கதை சொல்ல இருந்தவள் பிழைத்த பாட்டி. இரண்டாவது பிரசவத்தில் போய்விட்ட பாட்டியின் படம், இருந்தால், சுவரில் இருக்கும். பெரும்பாலும் அதுவும் இருக்காது. 872 என்ற அந்த விகிதத்தில் ஒரு பெண் ஐந்து பிள்ளை பெற்றால், நூறு பெண்களில் நான்கு பேர் ஏதோ ஒரு பிரசவத்தில் இறந்துவிடுவார்கள். பழைய ஊர்களில் சின்னம்மா வந்த வீடுகள் ஏன் அவ்வளவு இருந்தன என்பதை இந்தக் கணக்கு சொல்லும்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். செக்கிங் மேசையில் ஓட்டை விழுந்த பீஸ்களை எல்லாம் ஒதுக்கி மறைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் காட்டி "எங்க கம்பெனியில் ரிஜெக்‌ஷனே இல்லைங்க" என்று யாராவது சொன்னால் எந்த வியாபாரியும் ஒப்புக்கொள்ள மாட்டார். மொத்தம் எத்தனை ஓட்டினீர்கள், எத்தனை கழிந்தது என்றுதான் முதலில் கேட்பார். வீட்டுப் பிரசவக் காணொளிகளிடமும், ஹீலர் முகாமின் சாட்சிகளிடமும் அதே கேள்வியை நாம் கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் 2018 முதல் 2020 வரையிலான காலத்துக்குத் தாய் இறப்பு விகிதம் லட்சத்துக்கு 54 என்று மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு சொல்கிறது. இந்தியச் சராசரி அப்போது 97. இங்கே கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை வைத்து இரவு பகலாகப் பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்தது, ஒவ்வொரு தாயின் மரணத்தையும் உட்கார்ந்து ஆராய்ந்தது, 108 வண்டி ஓடியது எல்லாம் சேர்ந்த பலன் இது. இந்தச் சாதனையே ஒரு விதத்தில் நம் கண்ணையும் மறைக்கிறது. பிரசவத்தில் செத்த ஒருவரையும் நேரில் அறியாத தலைமுறை வந்துவிட்டது. அபாயத்தைப் பார்த்திராதவர்களிடம் 'எல்லாம் இயற்கை' என்று சொல்வது எளிது.

சரி, முகாமுக்குப் போய் வந்தவர்களில் பலர் உண்மையிலேயே நன்றாக இருப்பதாகச் சொல்கிறார்களே? சொல்வது உண்மைதான். 2011-இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு இதை அழகாகப் பிரித்துக் காட்டியது. ஆஸ்துமா நோயாளிகளுக்குச் சில நாள் உண்மையான இன்ஹேலர், சில நாள் மருந்தில்லாத வெற்று இன்ஹேலர், சில நாள் அக்குபங்சர் போலவே செய்துகாட்டும் பாவனை, சில நாள் ஒன்றுமே இல்லை. எவ்வளவு தேறியிருக்கிறது என்று அவர்களையே கேட்டபோது, உண்மை மருந்துக்கு 50 சதவீதத் தேற்றம் என்றார்கள். வெற்று இன்ஹேலருக்கு 45, பாவனை அக்குபங்சருக்கு 46. ஒன்றும் செய்யாத நாளுக்கு 21. பிறகு நுரையீரலையே அளந்தார்கள். உண்மை மருந்தில், ஒரு நொடியில் ஊதி வெளியேற்றும் மூச்சின் அளவு 20 சதவீதம் கூடியிருந்தது. மற்ற மூன்றிலும், ஒன்றும் செய்யாத நாள் உட்பட, சுமார் 7 சதவீதம்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை. யாரோ தன்னைத் தொட்டார், நேரம் கொடுத்தார், அக்கறை காட்டினார் என்பதால் மனம் தேறியது. நுரையீரல் தேறவில்லை. பஞ்சுத் தூசியில் மூச்சு இறுகிப்போன ஒருவர் 'நல்லா இருக்குங்க' என்று இன்ஹேலரைத் தூக்கி எறிந்தால் அடுத்த நள்ளிரவில் என்ன ஆகும் என்பதை இந்த ஆய்வு சொல்லாமல் சொல்கிறது.

முதுகுவலிக்கும் தூக்கமின்மைக்கும் அந்த மனத்தேறல் பெரிய உதவிதான். அதை யாரும் பழிக்க வேண்டியதில்லை. புற்றுநோயில் அது கொல்லும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் பரவாத, குணப்படுத்தக்கூடிய கட்டத்தில் இருந்த புற்றுநோய்க்கு மாற்று சிகிச்சையை மட்டுமே தேர்ந்தெடுத்த 281 பேரை, வழக்கமான சிகிச்சை எடுத்த 560 பேரோடு ஒப்பிட்டார்கள். இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்து மடங்குக்கும் மேல். மாற்று சிகிச்சையை நாடியவர்கள் பெரும்பாலும் இளையவர்கள், அதிகம் படித்தவர்கள், வசதியானவர்கள் என்பதையும் அதே ஆய்வு குறித்தது. 'படிச்சவங்களே' என்று நாம் வியந்ததற்கு அங்கேயே பதில் இருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஐந்தரை ஆண்டு படித்துப் பதிவு பெற்ற சித்த மருத்துவரை நான் இந்தக் கூட்டத்தில் சேர்க்கவில்லை. அவர் நாடி பார்ப்பார், ரத்தப் பரிசோதனையும் கேட்பார், தன்னால் ஆகாது என்றால் அனுப்பிவைப்பார். பயிற்சி பெற்ற பேறுகாலச் செவிலி, மருந்துப்பெட்டி, கூப்பிட்டால் வரும் ஆம்புலன்ஸ் ஆகியவற்றோடு நெதர்லாந்தில் நடக்கும் வீட்டுப் பிரசவமும் வேறு. ஒரு குழு ஆபத்தானதா என்று அறிய அதன் தத்துவத்தை ஆராய வேண்டியதில்லை. "எந்த அறிகுறி தெரிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். நேரான பதில் வந்தால் ஒரு விதம். 'போகவே தேவை வராது', 'சந்தேகப்பட்டால் பலிக்காது' என்றால் வேறு விதம். சந்தேகம் பாவமாகிவிட்ட இடத்தில் நோயாளி தன் வலியையே மறைக்கத் தொடங்குவார். தேறவில்லை என்றால் குற்றம் அவருடைய நம்பிக்கையின் மேல் விழும். எதிர்த்துப் பேசுகிற அம்மாவையும் அண்ணனையும் 'எதிர்மறை ஆட்கள்' என்று விலக்கச் சொல்வார்கள். கடைசியில் சுற்றி இருப்பவர் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறவர்களாக இருப்பார்கள். ரத்தம் போகும் நேரத்தில் "வண்டியைக் கூப்பிடு" என்று சொல்ல ஓர் ஆள் இருக்காது.

நம்பிக்கையும் மருத்துவமும் முட்டிக்கொண்டுதான் ஆக வேண்டும் என்றும் இல்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் தர்காவை அண்டி நடந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தப்ப வழியில்லாமல் எரிந்து இறந்தார்கள். நாடே தலைகுனிந்தது. அதற்குப் பிறகு அதே ஏர்வாடியில் 'தவா துவா' என்ற பெயரில் மருந்தும் பிரார்த்தனையும் ஒன்றாக நடக்கும் ஏற்பாட்டை அரசு கொண்டுவந்தது. துவாவுக்கு வருகிறவர் அங்கேயே மனநல மருத்துவரையும் பார்க்கலாம். யாரிடமும் உன் கடவுளை விடு என்று சொல்லவில்லை. சங்கிலியை மட்டும் கழற்றினார்கள்.

இந்தக் குழுக்கள் எதை வைத்து ஆள் பிடிக்கின்றனவோ, அதில் பாதி உண்மை என்பதையும் மறைக்கக் கூடாது. ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் அறுவை சிகிச்சையில் நடக்கின்றன. தனியார் மருத்துவமனைகளில் 63.8 சதவீதம். மூன்றில் இரண்டு பெண்களுக்கு வயிற்றைக் கீற வேண்டிய அவசியம் இருக்கும் என்று எந்த மகப்பேறு நூலும் சொல்லவில்லை. பிரசவ அறையில் வலியில் கத்தும் பெண்ணைத் திட்டுவதும், தொடையில் அடிப்பதும், "அப்பத் தெரியலையா" என்று கேட்பதும் நம் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கதைகள். அந்த அவமானத்தை அனுபவித்த பெண்ணிடம் ஒருவர் வந்து, உன் உடலை நம்பு, உன்னை யாரும் தொட வேண்டாம் என்று இனிமையாகச் சொன்னால் அவள் ஏன் திரும்பிப் பார்க்க மாட்டாள்? அவளுடைய கோபம் நியாயமானது. கோபத்துக்குக் கொடுக்கப்பட்ட மருந்துதான் விஷம். அரசு மருத்துவமனைகளில் பிரசவ வேளையில் உறவுக்காரப் பெண் ஒருவர் உடன் இருக்கலாம் என்ற ஏற்பாடு நம் மாநிலத்தில் உண்டு. அதைக் கேட்டுப் பெறலாம் என்பது தெரிந்தாலே பலருடைய பயம் பாதி குறையும்.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1954-இன் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம், புற்றுநோய், நீரிழிவு போன்ற பட்டியலிட்ட நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. முதல் முறை குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை. செய்தித்தாளில் லேகிய விளம்பரம் வந்த காலத்துச் சட்டம் அது. மருந்து எதுவும் விற்காமல், மருந்தை நிறுத்து என்று மட்டும் கேமராவைப் பார்த்துப் பேசுகிறவரை அதற்குள் கொண்டுவருவது கடினம். மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கைக்கு எதிராகப் போராடிய நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20-இல் புணேயில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் அவர் ஆண்டுக்கணக்காகக் கேட்ட சட்டம் வந்தது. பாம்பு, தேள், நாய் கடித்தவரை மருத்துவத்துக்குப் போகவிடாமல் தடுத்து மந்திரிப்பது அங்கே குற்றம். கர்நாடகமும் சட்டம் செய்தது. தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இல்லை. பிரான்ஸ் 2024 மே 10-இல் இயற்றிய சட்டம் இன்னும் ஒரு படி முன்னே போகிறது. நோயாளி ஒருவரை, தேவையான மருத்துவத்தைக் கைவிடும்படி தொடர்ந்து வற்புறுத்துவதும், அதனால் உடலுக்குக் கேடு வரும் என்பது தெளிவாக இருக்கும்போது, குற்றம். ஓராண்டு சிறையும் 30,000 யூரோ அபராதமும். வற்புறுத்தல் பலித்துவிட்டால் மூன்று ஆண்டு, 45,000 யூரோ. நம்பிக்கையைத் தொடாமல், மருந்தை நிறுத்தச் சொல்லும் அந்த ஒரு செயலை மட்டும் குறிவைக்கிறது அந்தப் பிரிவு. நமக்குத் தேவை இப்படி ஒன்று என்பது என் உறுதியான கருத்து. 2018-இல் கைதான ஹீலர் பாஸ்கர் ஜாமீனில் வந்தார். 2020 மார்ச்சில் கொரோனா பற்றித் தவறான தகவல் பரப்பியதாக மீண்டும் கைதானார். இரண்டு கைதுகளுக்கும் இடையே பேச்சுகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

மரணங்களும் நிற்கவில்லை. 2023 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி பக்கத்தில் வீட்டுப் பிரசவத்தில் ஒரு பெண் இறந்தார். யூடியூப் பார்த்துப் பிரசவம் பார்த்ததாகக் கணவர் மேல் வழக்கு. 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் தாயும் குழந்தையும் இறந்தார்கள்; கணவரோடு அக்குபங்சர் செய்பவரும் கைதானார். 2025 ஏப்ரலில் மலப்புரத்தில் இன்னொரு தாய். ஒவ்வொன்றிலும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது கணவர். தவறு செய்தவர்தான்; ஆனால் அவரும் யாரோ சொன்னதை நம்பியவர். சொன்னவர்களில் பலர் அடுத்த காணொளிக்குப் போய்விடுகிறார்கள்.

உங்கள் வீட்டில் ஒருவர் இப்படி ஒரு குழுவில் சேர்ந்திருந்தால், முதல் நாளே கேலி செய்து சண்டை போட்டு அவரை விலக்கிவிடாதீர்கள். அந்தக் குழு எதிர்பார்ப்பதும் அதைத்தான். முகாமுக்குப் போகட்டும், மாத்திரையும் தொடரட்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தை நிறுத்தப்போவதாகச் சொன்னால், நிறுத்தும் முன் ஒரு தடவை சர்க்கரை அளவை, ரத்த அழுத்தத்தை எழுதி வைத்துக்கொள்ளவும், பத்து நாள் கழித்து மறுபடி பார்க்கவும் சம்மதம் வாங்குங்கள். ஆனால் இன்சுலின், வலிப்பு மாத்திரை, காசநோய் மருந்து போன்றவற்றில் அந்தப் பத்து நாள் அவகாசமும் கொடுக்கக் கூடாது; அன்றைக்கே மருத்துவரிடம் பேச வேண்டும். கர்ப்பிணி என்றால் பகுதி சுகாதாரச் செவிலியர் காதில் போட்டு வையுங்கள். அது காட்டிக்கொடுப்பது ஆகாது. 104 எண்ணில் சந்தேகம் கேட்கலாம். பிரசவமான பெண்ணுக்குத் துணி நனைந்துகொண்டே இருந்தாலும், அரை மணி நேரத்தில் நஞ்சுக்கொடி வராவிட்டாலும், தலை சுற்றுகிறது, படபடக்கிறது, குளிர்கிறது என்று சொன்னாலும், யாரிடமும் அபிப்பிராயம் கேட்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை கால்களை உயர்த்தி வைத்துப் போர்த்திவிடுங்கள், குழந்தையை மார்பில் போட்டுப் பால் குடிக்க விடுங்கள், நஞ்சுக்கொடி வந்துவிட்டிருந்தால் அடிவயிற்றைத் தொடர்ந்து அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருங்கள்.